மலையை இடம் வந்த கல்வெட்டு

திருவண்ணாமலையில் கல்வெட்டைக் கண்டு தெரு மாறிப் போகாத ஆளே கிடையாது. கல்வெட்டு என்றால் கல் இல்லை. செங்கம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மனிதர். ஊர் வரலாற்றுக் கழகம் என்று ஒன்று நடத்துகிறார். தலைவர், செயலாளர், பேச்சாளர், நாற்காலி துடைப்பவர் எல்லாம் அவரே. "பொதுமக்கள் அனைவரும் வருக" என்று மாதாமாதம் நோட்டீஸ் ஒட்டுவார். அந்தப் பொதுமக்கள் நான்தான். பக்கத்து வீடு, தப்பிக்க வழியில்லை.

"அக்கா, இந்த மாசம் ராஜா வெட்டின கிணறு பத்திப் பேசறேன்."

"போன மாசமும் கிணறுதானே தம்பி?"

"அது வடக்குக் கிணறு. இது தெற்கு."

நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததைவிட அவர் கூட்டத்தில் உட்கார்ந்ததுதான் ஜாஸ்தி.

கூட்டம் நடக்கிற மாடி ஹாலை அதன் சொந்தக்காரர் சும்மா கொடுத்திருந்தார். வெளிநாட்டுக்காரர்கள் தங்க ரூம் கேட்டு வர ஆரம்பித்ததும் அவர் மனசு மாறியது.

"ஒருத்தரும் வராத கூட்டத்துக்கு ஹாலு எதுக்குய்யா? வர்ற பௌர்ணமிக்கு ஹால் நெறஞ்சா வச்சுக்க. இல்லன்னா தடுத்து ரூம் போட்டுடுவேன்."

அன்று கல்வெட்டு சோறு தொடவில்லை. மறுநாள் பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"பௌர்ணமிக்கு ஜனம் மொத்தமும் மலை சுத்த வருதில்லக்கா? 'வரலாற்று நடை'ன்னு வைப்போம். வழியில கல்லையெல்லாம் காட்டி, அப்படியே ஹாலுக்கு இழுத்துட்டு வந்துடலாம்."

நல்ல யோசனைதான். ஆனால் பௌர்ணமி சாயங்காலம் மனுஷன் நடக்க ஆரம்பித்தது எதிர்த்திசையில்! மலை வலது கைப்பக்கம் இருக்கத்தான் சுற்ற வேண்டும் என்று பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். இவர் மலையை இடது பக்கம் விட்டுக்கொண்டு விறுவிறு என்று போகிறார்.

"இன்னா தம்பி பண்ற? சாமி கண்ண குத்தும்!"

"பழைய கல்லு இந்தப் பக்கம் இருக்குக்கா. இப்படிப் போனாத்தான் தாத்தா ராஜா மொதல்ல வருவாரு. அப்படிப் போனா பேரன் மொதல்ல வந்துடுவாரு."

ஊர் ஜனமெல்லாம் எதிரே வருகிறது. நடுவில் இவர் மைக்கோடு. "இந்த மன்னர்" என்பது ஒருவர் காதில் விழுந்தது. "நிலம் கொடுத்தார்" என்பது அடுத்தவர் காதில். "நெலமா? எங்க குடுக்கறாங்க?" என்று கேட்டபடியே ஒரு அம்மா கூட்டத்தோடு போய்விட்டாள். கீழ்பென்னாத்தூர்ப் பெரியவர் ஒருவர் கத்தினார்: "யோவ், திரும்புய்யா! எங்க புண்ணியத்தையும் கெடுத்துடுவ போல."

நான் கல்வெட்டின் சட்டையைப் பிடித்துத் திருப்பினேன். "பேரனே மொதல்ல வரட்டும், நட!"

மலை சுற்றிக் களைத்த ஜனத்தோடு ஹால் வாசலுக்கு வந்ததும் நான் தொண்டை கிழியக் கூவினேன்: "மேல ஃபேன் இருக்கு! பாத்ரூம் இருக்கு! காலை நீட்டி உக்காரலாம்!"

கண்மூடித் திறப்பதற்குள் ஹால் நிறைந்துவிட்டது. எல்லாரும் வரலாறு கேட்க வந்தவர்கள் என்று நினைத்துக் கல்வெட்டு கண் கலங்கினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேச்சைத் தொடங்கினார். இரண்டாவது ராஜா பட்டத்துக்கு வருவதற்குள் மொத்தக் கூட்டமும் குறட்டை.

ஹால்காரர் கால்களைத் தாண்டித் தாண்டி என்னிடம் வந்தார். "ஏம்மா, இது கூட்டமா, சத்திரமா?"

"நெறயணும்னுதானே சொன்னீங்க? முழிச்சிக்கினு இருக்கணும்னு சொல்லலியே."

அவர் தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார். ஹால் தப்பித்தது. நான் தப்பிக்கவில்லை.

போன மாதம் கல்வெட்டுக்குக் காய்ச்சல். கூட்டம் ரத்து. அப்பாடா என்று டிவியைப் போட்டேன். ஒன்றிலும் மனசு ஒட்டவில்லை. கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போனேன். போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"இன்னிக்குக் கூட்டம் இல்லியேக்கா."

"தெரியும். எழுந்து கஞ்சியக் குடி. போன தடவ ஏரி ஒடைஞ்சதோட விட்டுட்டுப் போயிட்ட. அந்த ஜனமெல்லாம் பொழச்சுதா இல்லியா, அதச் சொல்லு. ஒரு மாசமா எனக்குத் தூக்கமே இல்ல."