நான்கு குழாயும் ஒரு நடுவரும்

நான்கு குழாய்களும் சுவரைப் பார்த்து நின்றன.

ஆர்லின் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். குனிந்து பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் குழாய்கள் சுவரைத்தான் பார்த்தன. பீர் வேண்டுமென்றால் ஃப்ரீசருக்கும் கார் ஷெட் சுவருக்கும் நடுவே இருந்த ஒரு சாண் சந்தில் யாராவது தம்ளரோடு நுழைய வேண்டும்.

"நான் நின்ன பக்கம்தான் முன்பக்கம்னு நெனச்சேன்" என்றார் நார்ப்.

"நீ சுவத்துப் பக்கம் நின்னே!"

"நீதான் அங்க நிக்கச் சொன்னே."

நார்ப் என்பவர் ஷெபாய்கன் ஊர் வீட்டு பீர் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் ஏழு பேர். ஒவ்வொருவரும் வீட்டில் பீர் காய்ச்சுவார்கள். அடுத்தவர் பீரைக் குடித்துவிட்டு, "வித்தியாசமா இருக்கு" என்பார்கள். ஆர்லினுக்குப் பன்னிரண்டு வருடமாக அந்த ஒரு பாராட்டுதான் கிடைத்திருந்தது. அவருடைய பீரை இரண்டாவது தம்ளர் கேட்ட மனிதர் இன்னும் பிறக்கவில்லை. சொந்த மனைவி மார்லிஸே முதல் தம்ளரில் பாதியைத் தக்காளிச் செடிக்கு ஊற்றுகிறவள்.

பீரைப் புட்டியில் அடைப்பதால்தான் இந்தக் கேவலம் என்பது ஆர்லினின் முடிவு. ஸ்டீல் பீப்பாயில் நிரப்பி, கார்பன் டை ஆக்ஸைடு கேஸ் கொடுத்து, சில்லென்று குழாயில் பிடித்தால் யார் வாயும் பேசாது. அதற்காக வீட்டிலிருந்த பெரிய பெட்டி ஃப்ரீசரைக் கேட்டு வாங்கினார். அதற்குள் போன நவம்பரில் வேட்டையாடிய மான்கறி இருந்தது. மார்லிஸ் அதைப் பொட்டலம் பொட்டலமாகத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "கறி போச்சு. பீராவது குடிக்கிற மாதிரி வருதான்னு பாப்போம்" என்றாள்.

ஃப்ரீசரின் உடம்பில் எங்கே குளிரூட்டும் கேஸ் குழாய் ஓடுகிறது என்று தெரியாமல் ஓட்டை போட முடியாது. அதனால் மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு மரச்சட்டம் செய்து, அதில் துளை போட்டுக் குழாய்களை மாட்டினார்கள். இரண்டு பேருமாகத் தூக்கி, பெட்டியின் மேல் வைத்து, பசை போட்டு ஒட்டினார்கள். பசை நல்ல பசை. பத்தே நிமிடத்தில் இறுகிவிட்டது.

இவ்வளவு அவசரத்துக்குக் காரணம் மகள் கெல்சி. செப்டம்பரில் அவளுக்கும் டை என்கிற பையனுக்கும் கல்யாணம். கல்யாணத்தில் தன் பீர்தான் ஓட வேண்டும் என்பது ஆர்லினின் ஆசை. ஆசை என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. அந்த நாளை நினைத்தால் மகளின் முகத்துக்கு முன்னால் அவருக்குக் குழாய்கள்தான் தெரிந்தன.

கெல்சி போனில் தெளிவாகச் சொல்லியிருந்தாள்.

"அப்பா, கோவிச்சுக்காத. எரநூறு பேர் வர்றாங்க. நாங்க கடை பீரே வாங்கிடறோம்."

"ஒரு தடவை குடிச்சுப் பாரும்மா."

"எனக்கு உன் மனசை நோகடிக்கத் தெரியாது. அதனால ஒண்ணு பண்ணு. சனிக்கிழமை டையோட அப்பா அம்மா நம்ம வீட்டுக்கு வர்றாங்க. அவர் மாநிலக் கண்காட்சியில இருபத்தாறு வருஷமா நடுவர். பொய்யா ஒரு வார்த்தை புகழ மாட்டார். அவர் நல்லா இருக்குன்னு சொல்லட்டும், கல்யாணத்துல உன் பீர்தான்."

ஆர்லின் போனை வைத்த கையோடு நார்ப்பிடம் சொன்னார். நார்ப்புக்கு முகமே மாறிவிட்டது.

"பேர் என்ன சொன்னே?"

"ஹாபர்கோர்ன்."

"கண்காட்சி நடுவரா! என் கோதுமை பீருக்குப் பதிமூணு மார்க் போட்டது அந்தக் கூட்டம்தான். அம்பதுக்குப் பதிமூணு! 'ஈரச் சாக்கு வாசனை'ன்னு எழுதினாங்கடா."

இப்போது புதன்கிழமை. குழாய்கள் சுவரைப் பார்க்கின்றன.

"ஃப்ரீசரையே திருப்பிடுவோம்" என்றார் நார்ப்.

திருப்புவதற்காக நான்கு பீப்பாய்களையும், கேஸ் சிலிண்டரையும் வெளியே எடுத்தார்கள். குளிரை அளந்து, அதற்கேற்ப ஃப்ரீசரை ஓட்டி நிறுத்தும் சென்சாரின் வயர் இடைஞ்சலாக இருந்தது. அதை உள்ளேயிருந்து உருவி, தற்சமயத்துக்கு என்று ஃப்ரீசரின் வெளிப்பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினார் ஆர்லின். பிறகு பெட்டியைத் திருப்பி, பீப்பாய்களை உள்ளே வைத்து, மூடியை மூடினார்கள். குழாய்கள் முன்னால் வந்தன. கூடவே மூடியின் கீலும் முன்னால் வந்தது. இனி மூடியைத் திறக்க வேண்டுமென்றால் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒருவர் ஒல்லியாக நிற்க வேண்டும்.

"நீ கொஞ்சம் எளைச்சா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு நார்ப் வீட்டுக்குப் போனார்.

சென்சார் டேப்பில் இருந்தது.

வியாழக்கிழமை காலை ஆர்லின் தம்ளரைப் பிடித்து முதல் குழாயைத் திறந்தார். நுரை வந்தது. தம்ளர் நிறைய நுரை, வாளி நிறைய நுரை, சட்டை நிறைய நுரை. பீர் என்று சொல்ல ஒரு ஸ்பூன் அடியில் கிடந்தது.

நார்ப்புக்குப் போன் செய்தார்.

"சூடா இருந்தா நுரைதான் வரும். என்ன காட்டுது?"

"முப்பத்தெட்டு ஃபாரன்ஹீட்டுல நிக்கணும். எண்பத்தொண்ணு காட்டுது."

"அப்போ இன்னும் கீழ வை."

முப்பதில் வைத்தார். மாலை வரை எண்பத்தொன்றே காட்டியது. இருபதில் வைத்தார். பெட்டி இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருந்தது. எண்பத்தொன்று.

வெள்ளிக்கிழமை நார்ப் நேரிலேயே வந்து, டாக்டர் மாதிரி மூடியின் மேல் காதை வைத்துக் கேட்டார்.

"பாவம், ஓடித்தான் பாக்குது. ஜூன் மாசச் சூடு. குளிர் வெளிய போகுது. கம்பளி போத்து."

"தொறந்து பாக்கட்டா?"

"தொறந்தே, கெட்டே. இருக்கிற கொஞ்சம் குளிரும் ஓடிடும். நாளைக்கு அவங்க வர்ற வரைக்கும் மூடியில கை வைக்காத."

மார்லிஸின் இரட்டைக் கட்டில் கம்பளியைப் பெட்டியைச் சுற்றிக் கட்டினார்கள். ஓடுகிற ஃப்ரீசரின் வெளிச்சுவர் அடுப்படி மாதிரி கொதிக்கும். அந்தச் சூட்டோடு சென்சாரும் கம்பளிக்குள் போயிற்று. சென்சாரின் திரை தொண்ணூற்று நான்கு காட்டியது.

"ஏறுது நார்ப்!"

"ஏறித்தான் எறங்கும்."

மார்லிஸ் சமையலறை வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். "கட்டில் கம்பளியைக் கட்டிட்டு ரெண்டு பேரும் எதுக்கு வேர்க்குறீங்க?" என்று கேட்டாள்.

சனிக்கிழமை பதினோரு மணி. இரண்டு மணிக்கு விருந்தாளிகள். ஆர்லின் கம்பளியை அவிழ்த்துவிட்டு முதல் குழாயைத் திறந்தார். ஒன்றுமில்லை. நுரைகூட இல்லை. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, எதிலும் ஒரு சொட்டு இல்லை.

அவிழ்த்த கம்பளிக்கு அடியில், டேப்பில், சென்சார் சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆர்லின் அதைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளாகக் கார் ஷெட்டின் சூட்டை அளந்து, ஃப்ரீசரை விரட்டி விரட்டி ஓட வைத்திருக்கிறார்கள்.

"மார்லிஸ்!" என்று அவர் கூப்பிட்ட குரலில் மாரடைப்பு என்று நினைத்து அவள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

அவள்தான் ஒல்லி. சுவர்ப் பக்கம் நுழைந்து மூடியைத் தூக்கினாள். உள்ளே ஜனவரி மாதம் இருந்தது.

"மான்கறியை இங்கயே வெச்சிருக்கலாம்" என்றாள்.

பீப்பாய்களை ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்தார் ஆர்லின். முதல் மூன்றும் கல். நான்காவது மட்டும், உள்ளே எங்கேயோ, சளக் என்றது. அது டிசம்பர் கடைசியில் காய்ச்சிய பாக் என்கிற கறுப்பு ஜெர்மன் பீர். நான்கிலும் சாராயச் சத்து அதிகம் உள்ளது அதுதான். அதிகக் கசப்பும் அதுதான். அதை ஒளித்து வைப்பதாகத்தான் இருந்தார்.

"கெல்சிக்குப் போன் பண்ணு. கடை பீரே வாங்கச் சொல்லிடு" என்றார். "எனக்கு வராதுடி. பன்னெண்டு வருஷமா எனக்கு வரல."

மார்லிஸ் சந்திலிருந்து வெளியே வந்தாள். அவருடைய பீரை அவள் எத்தனையோ முறை திட்டியிருக்கிறாள். அவரே திட்டிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"எந்திரி" என்றாள். "அந்த நாலாவது குழாயைப் பிடி."

மாடிக்குப் போய்த் தன் ஹேர் டிரையரை எடுத்து வந்தாள். மின் வயர் எட்டவில்லை. இஸ்திரிப்பெட்டிக்கு வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் வயரைக் கொண்டுவந்தாள். மூடிக்குள் தலையை விட்டு, பீப்பாயிலிருந்து வரும் ரப்பர் குழாயின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சூடு காட்டினாள். ஒன்றேமுக்கால் மணிக்குக் குழாய் இருமியது. கன்னங்கரேலென்று ஏதோ ஒன்று நூல் போல இறங்கியது. சுவைத்துப் பார்க்க நேரமில்லை. வாசலில் கார் நின்றுவிட்டது.

ஹாபர்கோர்ன் ஆறடி மூன்றங்குல மனிதர். பேசவில்லை. கை குலுக்கினார், தலையை ஆட்டினார். அவர் மனைவி ஜோயன் உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தை மார்லிஸிடம் கொடுத்துவிட்டு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தாள். கெல்சி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். நார்ப் சுத்தமான சட்டை போட்டு வந்திருந்தார்.

ஹாபர்கோர்ன் முதலில் பீரைக் கேட்கவில்லை. ஃப்ரீசரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து அடியைப் பார்த்தார். விலாவில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார்.

"நீளம் நல்லா இருக்கு" என்றார்.

"ரப்பர் குழாயோட நீளத்தைச் சொல்றாரு" என்று நார்ப் ஆர்லினின் காதில் கிசுகிசுத்தார். "பாக்காமலே சொல்றாரு பாரு!"

ஆர்லின் நான்காவது குழாயைத் திறந்தார். சின்ன தம்ளரில் பாதி நிறைவதற்கே ஒரு யுகம் ஆனது. நுரை ஒரு விரல் உயரத்துக்குப் பழுப்பாக நின்றது.

ஹாபர்கோர்ன் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்தார். "நிறம் ஒரே சீரா இருக்கு. திட்டு இல்ல."

ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

சமையலறையில் பிராட் சாசேஜ் கருகும் வாசனை வந்தது. யாரும் போகவில்லை.

"வயசு என்ன?"

"அஞ்சரை மாசம்" என்றார் ஆர்லின்.

"சரியான வயசு. என்ன கொடுத்தீங்க?"

"பார்லிதான். கொஞ்சம் ஓட்ஸ்."

"அதான்!" ஹாபர்கோர்ன் இன்னொரு வாய் குடித்தார். "நல்ல கெட்டியான உடம்பு. கொழுப்பு அளவோட இருக்கு. பின்பக்கம் பிரமாதம்."

"கொழுப்பா?" என்று உதடு அசையாமல் கேட்டார் ஆர்லின்.

"வழவழப்பைச் சொல்றாரு. பின்பக்கம்னா முழுங்கினப்புறம் வர்ற ருசி. பெரிய நடுவருங்க பேச்சே அப்படித்தான்" என்ற நார்ப், பொறுக்க முடியாமல் தனக்கும் ஒரு வாய் பிடித்துக் குடித்தார். குடித்தவர் தம்ளரையே முறைத்தார். "டேய் ஆர்லின். தண்ணியெல்லாம் உள்ள ஐஸா நின்னுடுச்சுடா. சாரம் மட்டும் வருது. தேன்டா இது! ஜெர்மன்காரன் இதை வேணும்னே செய்வான்!"

தம்ளர் கை மாறியது. கெல்சி குடித்தாள். "அப்பா?" என்றாள், வேறு யாரோ ஒருவருடைய அப்பாவைப் பார்ப்பதுபோல. மார்லிஸ் குடித்தாள். தக்காளிச் செடிப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. காலி தம்ளரை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."

பன்னிரண்டு வருடத்தில் முதல் இரண்டாவது தம்ளர்! ஆர்லினுக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் துடைத்துக்கொண்டார்.

ஹாபர்கோர்ன் மூன்றாவது தம்ளரை முடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார். ஒரு கையை ஃப்ரீசரின் மேல் வைத்தார். பேசாத அந்த மனிதர் பேச ஆரம்பித்தார். எத்தனையோ பேர் வருகிறார்கள், பளபளவென்று கழுவிக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள், பக்கத்தில் போனால் ஒன்றும் இருக்காது என்றார். இது அப்படியில்லை என்றார். பொறுமையாக, நல்லதைக் கொடுத்து, அவசரப்படாமல் வளர்த்த கை இது என்றார். இந்த வீட்டில் தன் மகன் பெண்ணெடுப்பது தனக்குப் பெருமை என்று சொல்லிவிட்டு ஃப்ரீசரை இன்னொரு தட்டு தட்டினார்.

"கல்யாணத்துல இதுதான். வேற எதையும் உள்ள விடக் கூடாது" என்று முடித்தார்.

கெல்சி ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். நார்ப் இரண்டு கையையும் தூக்கிக் கூவினார். கூவியபடியே, "சென்சாரை வெளியவே ஒட்டிடு, இனிமே உள்ள வெக்காத!" என்றார். ஆர்லின் நான்கு குழாய்களுக்கும் முன்னால், பட்டம் வாங்கியவர் மாதிரி நிமிர்ந்து நின்றார்.

"நம்ம கல்யாணத்துல இவரை மாதிரி இவ்வளவு பேசினியா நீ?" என்றாள் மார்லிஸ், ஆர்லினின் தோளில் இடித்து.

அதுவரை வாயே திறக்காத ஜோயன், கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு மார்லிஸின் பக்கம் சாய்ந்தாள்.

"இருபத்தாறு வருஷமா கண்காட்சிக்கு நானும் இவர் கூடப் போறேன். இப்படி ஒரு பேச்சை இவர் முதல் பரிசு வாங்கின எந்தப் பன்னிக்கும் பேசி நான் கேட்டதில்லங்க."