அடி வாங்கிய டயர்கள்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கோதண்டம் மூன்றாவது முறையாக எண்ணிப் பார்த்தார். எட்டுதான் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அவரே முடிச்சுகளை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அப்போது மோதலைத் தாங்குவதற்காகப் படகின் பக்கத்துக்கு ஆறாகப் பன்னிரண்டு பழைய லாரி டயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. இப்போது நாலு கயிறுகள் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

'கடல்மணி' ஒரு சின்ன இழுவைப் படகு. தனியார் கம்பெனியுடையது. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய மூலையில் கட்டி நிற்கும். கோதண்டம் அதன் சரங்கு, அதாவது படகு ஆட்களுக்கெல்லாம் தலைவர். இருபத்தாறு வருஷமாக அவர் உட்காரும் இடம், தேநீர் குடிக்கும் இடம், கோபித்துக்கொண்டு போய் நிற்கும் இடம் எல்லாம் அந்தப் படகுதான்.

காசிமேட்டில் டயர் காணாமல் போவது திருட்டில் சேராது. நாலைந்து படகுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிற இடம் அது. நடுவில் தொங்கும் டயர் எந்தப் படகுடையது என்று யாருக்கும் தெரியாது. முதலில் கிளம்புகிறவர் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போவார். திரும்பி வந்தால் அவருக்கு வேறொருவருடையது கிடைக்கும். இதில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

கம்பெனிக்கு இந்த வழக்கம் புரியாது. போன வருஷம் ஆய்வுக்கு வந்தவர்கள் இரண்டு டயர் குறைகிறது என்று மெமோ கொடுத்துவிட்டார்கள். இன்னொரு முறை குறைந்தால் கோதண்டத்தைப் படகிலிருந்து இறக்கி, எண்ணூர் நிலக்கரிக் கிடங்கில் எடைமேடை பார்க்க அனுப்பிவிடுவோம் என்று அதில் எழுதியிருந்தது. தரையில் உட்கார்ந்து லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்ததும் அவர் நாலாவது முறையாக எண்ணத் தொடங்கினார்.

சரியாக அந்த நேரத்தில் போன் சிணுங்கியது. மேனேஜர் நிதிஷ் எதையும் ஒரு வரிக்கு மேல் எழுதாத ஆள். "வெள்ளி காலை பத்து மணி, ஃபெண்டர் விஷயமாக ஹெட் ஆபீஸ் வருகிறது, தயாராக இருக்கவும்." ஃபெண்டர் என்றால் ஆபீஸ் பாஷையில் இந்த டயர்கள்தான்.

"இன்னா சரங்கு, மொகம் தொங்கிப் போச்சி?" என்றான் இன்ஜின் ரூமிலிருந்து தலையை நீட்டிய தீபன்.

"டயர் எண்ண வராங்கடா. நாலு டயர எவனோ இஸ்துகினு பூட்டான்."

"வாட்ச்மேன் அன்பரசன கேளேன்."

"அவன் அக்கா பொண்ணுக்கு மீஞ்சூர்ல காதுகுத்து. நேத்து சாயங்காலமே பூட்டான். வியாழக்கிழமதான் வருவான்."

"போன் போடு."

"அவன்கிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் மேனேஜர் காதுல ஓதிடுவான். நாமளே பாத்துக்கலாம்."

அந்த வாரம் நடந்த அத்தனை கூத்துக்கும் அந்த 'நாமளே பாத்துக்கலாம்'தான் பிள்ளையார் சுழி.

பஞ்சர் கடையிலிருந்து நாலு பழைய டயர் வந்து, மத்தியானத்துக்குள் கணக்கு பன்னிரண்டு ஆகிவிட்டது. ஆனால் வெள்ளிக்கிழமை வரை அவை இருக்க வேண்டுமே! டயரில் ஏதாவது எழுதிவைத்தால் எடுக்கிறவன் கொஞ்சம் கூச்சப்படுவான் என்று கோதண்டத்துக்குத் தோன்றியது. ராயபுரத்து லியோனார்டை அழைத்து வந்தார். லியோனார்ட் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு படகுகளில் பெயரும் நம்பரும் எழுதிக் கொடுக்கிறார். எழுதுகிற வார்த்தையின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லுவார். அதற்குத் தனியாக யாரும் கேட்க வேண்டியதில்லை.

"கம்பெனி பேரு நீளம், டயரைச் சுத்தி ரெண்டு ரவுண்டு வரும்," என்றார் லியோனார்ட். "ஃபெண்டர்னு எழுதிடறேன். அதுதானே இதோட பேரு?"

"இன்னாவோ எழுதுப்பா. இங்கிலீஷ்ல இருந்தா சரி."

வெள்ளை பெயின்டில் முதல் எழுத்து விழுந்ததும் வரலாறு ஆரம்பித்தது. "கோதண்டம், இது லத்தீன் வார்த்தை. அந்தக் காலத்துல இதோட வேருக்கு 'அடி'ன்னு அர்த்தம்."

"அடியா? இது அடிய தடுக்கிறதுக்குல்ல கட்றோம்?"

"பொறுங்க. முன்னாடி ஒரு சின்ன ஒட்டு சேத்தாங்க, 'அடிச்சு வெரட்டு'ன்னு ஆச்சு. அதுதான் டிஃபென்ஸ், மிலிட்டரி, எல்லாம். வேற ஒட்டு சேத்தா அஃபென்ஸ், குத்தம். அப்புறம் இங்கிலீஷ்காரன் சோம்பேறித்தனமா தலைய மட்டும் வெட்டிட்டான், ஃபெண்டர் ஆயிடுச்சு. கப்பல் பக்கத்துல கயித்து மூட்டை தொங்கவிட்டான், அது ஃபெண்டர். வீட்டுல கணப்பு அடுப்புக்கு முன்னாடி நெருப்புத்துண்டு விழாம இரும்புக் கம்பி வெச்சான், அதுவும் ஃபெண்டர். அமெரிக்காக்காரன் கார் சக்கரத்துக்கு மேல மூடி போட்டான், அதுவும் ஃபெண்டர். நாம அதை மட்கார்டுங்கறோம்."

"அப்போ அடிக்கிறதும் தடுக்கிறதும் ஒரே வூட்டுப் புள்ளைங்களா?"

"ஒரே வயித்துல பொறந்ததுங்க."

கோதண்டத்துக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இல்லை. பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த மாரியப்பன், "இன்னா மாமு, டயர்ல இன்னாவோ எழுதிக்கீது?" என்று கேட்டதுதான் தாமதம், லத்தீனிலிருந்து தொடங்கிவிட்டார். "நம்ம மேல வர்ற அடிய அது வாங்கிக்கும். வாங்கி, வந்த வழியே தொரத்தி வுட்டுரும். அதான் அர்த்தம்."

மாரியப்பன் வலையைக் கீழே போட்டான். இரண்டு வாரமாக அவன் படகுக்கு மீனே படவில்லை. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அவன் மனைவி கன்னியம்மா தினமும் உப்பு சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை விடியுமுன்னே கடலுக்குப் போன மாரியப்பன் வழக்கம்போல் கைக்கு வந்த டயரை எடுத்துக்கொண்டு போனான். அது கோதண்டத்தின் டயர். ஒன்பது மணிக்குத் திரும்பியபோது படகு நிறைய வஞ்சிரம். கன்னியம்மா ஏலத்தை முடித்துவிட்டு நேராகப் போய் டயருக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள்.

புதன்கிழமை காலை கடல்மணியில் ஐந்து டயர்தான் இருந்தது.

"அது வெறும் டயரு!" என்று மாரியப்பன் படகின் முன்னால் நின்று கத்தினார் கோதண்டம். "லாரியில ஓடித் தேஞ்ச டயரு! அதுக்கு ஒரு பவரும் கெடையாது!"

"அப்பறம் நீ எதுக்கு பன்னண்டு கட்டிகினு கீற?" என்றாள் கன்னியம்மா.

கோதண்டம் வந்த வழியே திரும்பினார். வியாசர்பாடியில் அவர் வீட்டில் புத்தர் படம் ஒன்றுதான் உண்டு. ஜாதகம் கிடையாது, சகுனம் கிடையாது, வாசலில் எலுமிச்சம்பழம் கிடையாது. மகன் பகலவனுக்கு நல்ல நேரம் பார்க்காமல் கல்யாணம் செய்து வைத்த மனிதர் அவர். ராத்திரி சாப்பிடும்போது மனைவி ரமாபாயிடம் நடந்ததைச் சொன்னார். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் மூடநம்பிக்கை கூடாதுன்னு பேசிகினு இருந்த. இப்போ நீயே ஒரு சாமிய இறக்கி வுட்டுட்டியே!"

"நான் வார்த்தைக்கு அர்த்தம்தான சொன்னேன்?"

"அங்கதான் எல்லாமே ஆரம்பிக்கும்," என்றாள் ரமாபாய்.

ஆனால் அன்று மத்தியானமே கோதண்டம் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஆசைப்படுகிறவர்களுக்கெல்லாம் வேறு பழைய டயரில் லியோனார்டே எழுதிக் கொடுத்துவிட்டால் தன் டயர்களை விட்டுவிடுவார்களே! லியோனார்டும் மகிழ்ச்சியாக உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் அவர் முன்னால் வரிசை நின்றது. ஆட்டோக்காரருக்கு ஸ்கூட்டர் டயரில் எழுதினார். புதுவீடு கட்டுகிறவருக்கு டிராக்டர் டயரில் எழுதினார். பிளஸ் டூ எழுதப்போகும் பெண்ணுக்குப் பேனா மூடியில் எழுதினார். தொட்டிலில் கட்ட ஒருத்தி பொம்மைக் காரின் சக்கரத்தைக் கொண்டுவந்தாள். எல்லோருக்கும் லத்தீன் வரலாறு இலவசம். திருவொற்றியூரிலிருந்து பேசின் பிரிட்ஜ் வரைக்கும் பஞ்சர் கடைகளில் பழைய டயர் ஒன்றுகூட மிச்சமில்லை.

வியாழக்கிழமை காலை கடல்மணியில் இரண்டு டயர்.

"அதான் எல்லாருக்கும் தனித்தனியா எழுதிக் குட்த்தாச்சே!" என்று தலையில் அடித்துக்கொண்டார் கோதண்டம்.

தீபன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சரங்கு, அதெல்லாம் சொம்மா டயராம். கடல்ல தெனம் அடி வாங்கின டயருக்குத்தான் பவராம். மார்க்கெட்ல பேசிக்கிறாங்க."

கோதண்டம் மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துவந்து மிச்சமிருந்த இரண்டிலும் எழுத்தை அழுத்தித் துடைத்தார். பெயர் இல்லாவிட்டால் யார் சீண்டப் போகிறார்கள்? சோற்றுக்குப் போய்விட்டு வருவதற்குள் அவையும் இல்லை. எழுத்தே அழிந்துபோகிற அளவுக்குத் திருஷ்டியை வாங்கிய டயர்கள் அவை என்று ஊருக்குள் பேச்சாம்.

பன்னிரண்டு கயிறுகளும் வெறுமனே தொங்கின. கோதண்டம் பஞ்சர் கடை பஞ்சர் கடையாக அலைந்தார். கடைக்காரர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் கையை விரித்தார்கள். சாயங்காலம் திரும்பி வந்து படகின் ஓரத்தில் உட்கார்ந்தபோது அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. இருபத்தாறு வருஷம் கழித்து, ஒரு வார்த்தையால் தரை இறங்கப் போகிறோமே என்று நினைத்தார். வெட்கத்தை விட்டுக் கன்னியம்மா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"தங்கச்சி, நாளைக்கு டயர் இல்லன்னா என்னை எண்ணூர்ல எடைமேடைக்கு அனுப்பிடுவாங்க. நான் படகு வுட்டு எறங்கணும். ஒரு நாளைக்கு மட்டும் குடுங்க. அப்பால நானே திருப்பிக் குடுக்கறேன்."

கன்னியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். இந்த மனுஷன் யாரிடமும் கை ஏந்தி அவள் பார்த்ததில்லை. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாண்ணே? டயர்ல லத்தீன் எழுத தெரியுது, வாயத் தொறந்து கேக்கத் தெரியல," என்றாள். "நீ வூட்டுக்குப் போ. காலையில வா."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வந்த கோதண்டம் அப்படியே நின்றுவிட்டார்.

கடல் பக்கமாக மீனவர்கள் படகு படகாக வந்து டயர்களைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய பன்னிரண்டும் வந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. சரங்குக்கு ஆபத்து என்று கேள்விப்பட்டவர்களெல்லாம் லியோனார்ட் எழுதிக் கொடுத்ததையும் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். லாரி டயர், ஸ்கூட்டர் டயர், சைக்கிள் டயர். புதுவீட்டுக்காரர் டிராக்டர் டயரை முகப்பிலேயே கட்டிவிட்டார். ஒவ்வொன்றிலும் மஞ்சள், குங்குமம், சிலதில் எலுமிச்சையும் மிளகாயும். படகின் பெயர்கூடத் தெரியவில்லை. தொட்டில்காரி பொம்மைச் சக்கரத்தைச் சமையல் அறை ஜன்னலில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

மூடநம்பிக்கை, பகுத்தறிவு எல்லாம் அந்த நேரத்தில் கோதண்டத்துக்கு ஞாபகம் வரவில்லை. இத்தனை பேருக்கு நம் மேல் பிரியமா என்று மட்டும்தான் தோன்றியது. "நல்லா இருங்க எல்லாரும்," என்று மட்டும் சொன்னார்.

பத்து மணிக்கு மேனேஜர் நிதிஷும் ஹெட் ஆபீஸ் இன்ஜினியர் நர்மதாவும் வந்தார்கள். கேட்டுக்கு வெளியே தார்ப்பாய் மூடிய ஒரு லாரி காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தது. மீஞ்சூரிலிருந்து முந்தின சாயங்காலமே வேலைக்குத் திரும்பிவிட்ட அன்பரசன் அதன் பக்கத்தில் காவல் நின்றான்.

நர்மதா படகைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். நிதிஷின் முகத்தில் ஈயாடவில்லை.

"எண்ணிக்கோங்க மேடம்," என்றார் கோதண்டம், மார்பை நிமிர்த்தி. "பன்னண்டு இருக்கணும்னு சொன்னீங்க. நாப்பத்தொண்ணு கீது. ஒண்ணொண்ணும் அடி தாங்கின டயரு."

"நாப்பத்தொண்ணா?" என்றார் நர்மதா மெதுவாக. "நிதிஷ், நீங்க நேத்து ராத்திரி என்கிட்ட வேற என்னவோ சொன்னீங்களே?"

நிதிஷ் கேட் பக்கம் திரும்பி, "அன்பரசா!" என்று கூப்பிட்டார்.

அன்பரசன் ஓடிவந்தான். படகைப் பார்த்ததும் அவன் கால்கள் தாமாக நின்றுவிட்டன. பிறகு கோதண்டத்தின் காதருகே வந்து, அழாத குறையாகச் சொன்னான்:

"இன்னா அண்ணாத்த இப்பிடி பண்ணிட்ட? புது ரப்பர் பெண்டர் மாட்ட வராங்க, பழசு ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னுதான ஞாயித்துக்கிழமையே, ஊருக்குக் கெளம்பறதுக்குள்ள முடிஞ்ச வரைக்கும் நாலு டயர கழட்டி கொடவுன்ல போட்டேன்! நேத்து வந்து பாத்தா மொத்தமும் காலி. மீதிய நீயே கழட்டிட்டன்னு, கம்பெனியிலயே ஒழுங்கான சரங்கு நீ ஒருத்தன்தான்னு மேனேஜருக்கு போன் போட்டு சொல்லி வெச்சேனே!"