சாத்தக்கூடாத கதவு

உக்காருங்கப்பா, உக்காருங்க. பின்னால ரொட்டி கடிக்கறவங்க கொஞ்சம் மெதுவா கடிங்க. இது நம்ம மோர்வில் ஊர்ல, சர்ச்சுக்கு எதிர்ல இருக்கற ஒடீல் வீட்டு விஷயம். அறுநூறு வருஷத்துக் கல்வீடு. வாசல்ல தகடு அடிச்சிருக்கு: 'பாதுகாக்கப்பட்ட கட்டடம்'. கட்டடத்துக்குத்தான் பாதுகாப்பு. உள்ள இருக்கறவங்க அவங்கவங்க பாடு.

நவம்பர் வந்ததும் ஒடீல் வாசக்கதவ சாத்தினா. புருஷன் ஃபிர்மேனுக்கு நெஞ்சுல சளி. இன்னொரு குளிர்காத்து பட்டா ஆஸ்பத்திரிதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. மனுஷன் மூணு மஃப்ளரச் சுத்திக்கிட்டு அடுப்போரமா உக்காந்தவர்தான், எந்திரிக்கவே இல்ல.

மறுவாரம் பாரம்பரியப் பாதுகாப்பு அதிகாரி முசியே வோக்லேன் வந்தாரு. கையில ஒரு மங்கிப்போன போட்டோ. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த வீட்டப் பாதுகாப்புப் பட்டியல்ல சேத்தப்ப எடுத்தது. அதுல கதவு திறந்திருக்கு.

"மதாம், முகப்புத் தோற்றத்தில் அனுமதியற்ற மாற்றம் செய்திருக்கிறீர்கள்."

"நான் கதவத்தானே சாத்தினேன்?"

"அதைத்தான் சொல்றேன்."

சரி, சாத்த அனுமதி குடுங்கன்னு கேட்டா ஒடீல். தாராளமா மனு போடலாம், கமிட்டி மே மாசம் கூடும்னாரு.

"மே மாசம் குளிரே இருக்காதே, முசியே."

"அப்ப சிக்கலே இல்ல. சுலபமா கெடைச்சிடும்."

கதவு திறந்துச்சு. அடுப்புலேருந்து மேசைக்கு வர்றதுக்குள்ள வெங்காய சூப்பு ஆறிப்போச்சு. இதுக்கு நடுவுல ஊர்ல அது ஃபேஷனாவே ஆயிடுச்சு. எதிர்வீட்டு மதாம் ஸோலாஞ்ஜ், தகடே இல்லாத தன் வீட்டுக் கதவக் கழட்டி வெச்சுட்டு, இதான் அசல் பதினஞ்சாம் நூத்தாண்டுக் குளிருன்னு வந்தவங்களுக்கெல்லாம் காட்டினா. காட்டறப்பவே தும்மினா. வந்தவங்களும் தும்மினாங்க, ரசிச்சுக்கிட்டே.

ஜனவரில வோக்லேன் திரும்ப வந்தாரு. பின்னாலயே தெருவும் வந்துச்சு. பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்ததுல, போட்டோவுல வாசல் நடுவுல ஒரு நாற்காலியும், அதுல ஒரு கெழவரும் தெரியறாங்களாம்.

"ஆகையால் மேற்படி முதியவரும் முகப்பின் அங்கமே. உங்க வீட்டுக்காரர அங்க உக்கார வையுங்க, மதாம்."

ஒடீல் கரண்டியக் கீழ வெச்சா. "செத்துடுவாரு, முசியே."

வோக்லேன் தொப்பியக் கழட்டி மார்புல வெச்சுக்கிட்டாரு. "அந்த நெலமை வந்தா, மாற்று முதியவருக்குத் தனியா மனு போடணும்."

கூட்டம் தலையாட்டுச்சு. என் மாமனாரக் கேட்டுப் பாக்கறேன்னு மதாம் ஸோலாஞ்ஜ் முன்வந்தா.

அப்பத்தான் ஃபிர்மேன் எந்திரிச்சாரு. போட்டோவ வாங்கி நல்லாப் பாத்தாரு. வாய மூடியிருந்த மஃப்ளர ஒண்ணொண்ணா கீழ எறக்கினாரு.

"முசியே, இந்தப் படத்துல வெயில் அடிக்குது. எங்க முகப்பு வெயில எவன் அனுமதி இல்லாம கழட்டிட்டுப் போனான்? மொதல்ல அத மாட்டுங்க, நான் வந்து உக்காருறேன். அதுவரைக்கும் கதவு சாத்தித்தான் இருக்கும். அப்புறம், படத்துல வேடிக்கை பாக்கற கூட்டமும் இல்ல. கெளம்புங்க எல்லாரும்."