மச்சான் கொடுத்த கல்யாணக் கடிகாரம்

மதிப்புக்குரிய மச்சான் மாரினுஸ் அவர்களுக்கு,

ஜீலாந்திலிருந்து கிரைன் எழுதுவது. உம் தங்கை யாகோமினாவும் நானும் கடற்காற்றின் தயவில் சுகம். உமக்கும் அவ்விதமே அமைய வேண்டுகிறோம்.

நிற்க. நீர் அனுப்பிய கதிர்வீச்சு மானி பத்திரமாக வந்து சேர்ந்தது. "அணுக்கழிவுக் கிடங்குல இருபது வருஷமா காவல் நிக்கிறீரே மாப்ளே, இத வச்சு அளந்து பாரும், அப்பத் தெரியும்" என்ற துண்டுச்சீட்டும் கிடைத்தது. இரண்டாவது கிடங்கு கட்டலாமா என்று ஊர் மன்றத்தில் வியாழக்கிழமை வாக்கெடுப்பு. தோற்றால் வரப்போகிற கழிவை வைக்க இடமில்லை, என் வேலைக்கும் உறுதியில்லை. அந்த நேரம் பார்த்து உமது அன்பளிப்பு. ரோஷத்தோடு எடுத்துக்கொண்டு போனேன். ஒன்றரை மீட்டர் கான்கிரீட் சுவரோரம் வைத்தேன், வேலியோரம் வைத்தேன், எப்போதாவது ஒரு 'டிக்', அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து கூடத்தில் நுழைந்தேனோ இல்லையோ, கத்த ஆரம்பித்துவிட்டது. கிடங்கிலிருந்து ஏதோ உடுப்பில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று யாகோமினா என் சட்டையையும் கால்சட்டையையும் அங்கேயே கழற்ற வைத்தாள். அந்தச் சமயம் பட்டாணி சூப்போடு உள்ளே வந்த போதகரின் மனைவி, சூப்போடேயே திரும்பிப் போய்விட்டார். மானியை என் மேல் வைத்தால் சாது, சுவர்ப்பக்கம் கொண்டுபோனால் கூப்பாடு. கடைசியில் பார்த்தால், எங்கள் கல்யாணத்துக்கு நீர் கொடுத்த பழைய கப்பல் கடிகாரம். இருட்டில் மினுங்கும் என்று நீர் பீற்றிக்கொண்ட எண்களெல்லாம் ரேடியம் பூச்சாம்.

வியாழக்கிழமை மன்றத்தில் ரொட்டிக்கடை லேந்தர்ட் எழுந்து, "அந்தக் கிடங்குப் பக்கத்துல உன் பெண்டாட்டிய குடி வைப்பியா?" என்று கேட்டான். நான் எழுந்திருப்பதற்குள் உம் தங்கை எழுந்துவிட்டாள்.

"தாராளமா இருப்பேன். எங்கண்ணன் குடுத்த கடிகாரத்தடியில நாப்பது வருஷமா காப்பி குடிச்சவ நான். கிடங்குல இருக்கறத எண்ணி, பூட்டி, தெனமும் அளந்து பாக்கறாங்க. எங்க வீட்டுல யாரு பாத்தா?"

உடனே வாக்கெடுப்பு. ஒன்பதுக்கு நான்கு, ஜெயித்துவிட்டோம் மச்சான். லேந்தர்டே வந்து கைகொடுத்தான். கடிகாரத்தைக் கிடங்கில் எண் போட்டு வாங்கிக்கொண்டார்கள். இனி நூறு வருஷம் அங்கேதான். கொடுத்தவர் என்ற இடத்தில் உமது பெயரை முழுதாக எழுதச் சொன்னேன்.

உம் வீட்டம்மாவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். கர்த்தர் உங்கள் எல்லோரையும் காப்பாராக.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற
கிரைன்

பின்குறிப்பு: புதுக் கிடங்கின் வரைபடத்தை இப்போதுதான் விரித்துப் பார்த்தேன். லாரிப் பாதை என் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்கு நடுவில் போகிறது. ஆட்சேப மனு எழுதுவதில் உம்மை மிஞ்ச ஆளில்லை. காரசாரமாக ஒன்று எழுதி உடனே அனுப்பும். கையெழுத்தும் உமதாகவே இருக்கட்டும்.