மூன்றாவது முட்டை

இரண்டு முட்டைகள் உள்ளே போய்விட்டன. மூன்றாவது, தட்டின் நடுவில் உட்கார்ந்து ஆர்வோவைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆர்வோவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். யார் முதலில் கண்ணை எடுப்பது என்று இருவருக்குள்ளும் போட்டி.

"ஆறிடும்," என்றாள் ஹில்க்கா.

"ஆறட்டும்."

"நர்ஸ் மூணுன்னு சொன்னா."

"சொல்றவளுக்கு என்ன, அவளா திங்கப்போறா?"

ஹில்க்கா உப்பை அவன் பக்கம் நகர்த்திவைத்தாள். முப்பது வருட மணவாழ்க்கையில் அவள் பேசியதை எல்லாம் சேர்த்து வைத்தாலும் ஒரு சாயங்காலத்துக்குக் காணாது. ஜன்னலுக்கு வெளியே ஏரி உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. அதுவும் பேசவில்லை.

ஆர்வோ நூற்று நான்கு கிலோ ஆளாக இருந்தவன். பனிக்காலத்தில் சாலைப் பனியை வழிக்கும் வண்டி ஓட்டுவான், கோடையில் சாலையோரப் புல் வெட்டும் வண்டி. வருடம் முழுக்க உட்கார்ந்த வேலை. சாப்பாடு அவனுக்கு என்றைக்குமே பிரச்சினையாக இருந்ததில்லை. கண்ணில் பட்டது வாயில் படும், அவ்வளவுதான்.

எல்லாம் போன ஜூலையில் ஆரம்பித்தது. ஜூலை முதல் சனிக்கிழமை எங்கள் ஊரில் மனைவியைச் சுமந்து ஓடும் பந்தயம். பள்ளி மைதானத்தில் மணல், தாண்டுவதற்கு இரண்டு கட்டைகள், நடுவில் இடுப்பளவுத் தண்ணீர்க் குழி. சுமக்கிறவருக்கு இடுப்பில் ஒரு பெல்ட். மேலே இருப்பவர் அதைப் பிடித்துக்கொள்ளலாம். சுமக்கப்படுகிறவருக்குத் தலையில் ஒரு ஹெல்மெட்; விழுந்து தொலைத்தால் உதவும். ஜெயித்தால், சுமக்கப்பட்ட ஆளின் எடைக்கு எடை பீர். ஆகவே எங்கள் ஊரில் எந்தக் கணவனும் மனைவியை மெலியச் சொல்வதில்லை.

போன வருடம் குழியின் நடுவில் ஆர்வோவின் கால் வழுக்கியது. ஹில்க்கா தலைகுப்புற உள்ளே போனாள். எழுந்தபோது ஹெல்மெட்டில் பாசி தொங்கியது. ஊரே சிரித்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. சேற்றில் புதைந்து கிடந்த அவனை ஒரு கையால் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ஹில்க்காவின் மௌனங்களோடு ஆர்வோவுக்கு நல்ல பழக்கம் உண்டு. களைத்த மௌனம், நிறைந்த மௌனம், காபி கொதிக்கும்வரையான மௌனம் எல்லாவற்றையும் கேட்டே பிரித்துவிடுவான். இது எந்த வகை என்று பிடிபடவில்லை. இலைகள் உதிர்ந்தன, பனி விழுந்தது, அது மட்டும் அப்படியே இருந்தது. அவனுக்கு ஒரே ஒரு ஆசை மிஞ்சியிருந்தது. இரண்டு பேரும் அந்தக் குழியைத் தலை நனையாமல் ஒரு தடவை தாண்டிவிட வேண்டும்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், நாற்காலியில் தூங்கிப்போயிருந்தவன் கண்ணைத் திறந்தபோது ஹில்க்கா அவன் தலையைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன?"

"குல்லா."

ஆர்வோவுடையது பெரிய தலை. கடைக் குல்லா எதுவும் அவன் காதுவரை இறங்கியதில்லை. மனசு இளகிவிட்டாள் என்று நினைத்து, தலையை ஆட்டாமல் காட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் ஏனோ குல்லா வரவில்லை. கேட்கவும் அவனுக்கு வாய் வரவில்லை.

புத்தாண்டு அன்று அவளே பேசினாள். "இந்த வருஷமும் பந்தயத்துக்குப் போலாம். ஆனா நீ எடை குறைக்கணும்."

அவன் அன்றே குறைக்க ஆரம்பித்தான். தெரிந்த ஒரே வழி, சாப்பிடாமல் இருப்பது. வண்டியில் ஒரு குடுவை காபி, வீட்டில் ஒரு குடுவை காபி. கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. மாடிப்படியில் மூச்சு வாங்கியது. சுகாதார நிலையத்தில் நர்ஸ் கத்ரி தராசையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு என்ன சாப்பிடறீங்க?"

"காபி."

"காபியோட?"

"இன்னொரு காபி."

கத்ரி பேனாவை வைத்துவிட்டாள். "குறைஞ்சதுல பாதி கொழுப்பே இல்ல, தசை. இப்படியே போனா ஜூலைல இறகு மாதிரி இருப்பீங்க. ஆனா ஒரு தலகாணியக்கூடத் தூக்க முடியாது."

"அப்ப என்ன பண்றது?"

"சாப்பிடணும். ரெண்டாயிரம் கலோரி. ஒரு நாள் விடாம. முட்டை, மீன், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ். பன்னு, சாசேஜ் பக்கம் தலை வெச்சும் படுக்கக் கூடாது."

"மெலியறதுக்கா சாப்பிடணும்?"

"மெலியறதுக்குத்தான்."

ஐம்பத்தாறு வருடம் அழைக்காமலே வந்துகொண்டிருந்த பசி, அழைத்த அன்றைக்கு வரவில்லை. வயிறு காபிக் குடுவை அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. முட்டைக்கோஸ் மலைபோல் இருந்தது. அதைத் தின்று முடித்தால் கணக்கில் ஒரு பன்னின் பாதிகூடத் தேறவில்லை. மீன் அவனைப் பார்த்தது. முட்டையும் பார்த்தது.

முதல் உபாயம் ஒரு வியாழக்கிழமை தோன்றியது. ஹில்க்கா பால் எடுக்கத் திரும்பிய நேரத்தில், தன் தட்டிலிருந்த ஒரு உருளைக்கிழங்கை அவள் தட்டுக்கு உருட்டிவிட்டான். அவள் திரும்பி வந்து தட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாள் அரை மீன் இடம் மாறியது. அதற்கடுத்த நாள் முழு மீன். ஹில்க்கா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். அங்கே உருளைக்கிழங்கு மூட்டைகள், குளிப்பாட்டும் தொட்டி அளவுக்கு சூப் பானைகள். பசியோடு வருவாள், வந்ததை உண்பாள், கேள்வி கேட்கமாட்டாள். அவளைப்போல் சாப்பிட எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று ஆர்வோ மனசுக்குள் வியந்துகொள்வான்.

மார்ச்சில் அவளுடைய கம்பளிச் சட்டை தோளில் தையல் விட்டது. அதைப் பார்த்த ஆர்வோ தன் தொளதொளச் சட்டையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டான். தூக்குகிறவன் இளைத்துக்கொண்டே போகிறான். தூக்கவேண்டிய சுமை அவன் சாப்பாட்டிலேயே பருத்துக்கொண்டிருக்கிறது!

"ஹில்க்கா... வந்து... அந்த உருளைக்கிழங்கு..."

"என்ன உருளைக்கிழங்கு?"

"நல்லா இருக்கில்ல?"

"ம்."

இதற்குமேல் ஒரு மனிதன் தன் மனைவியிடம் எப்படிச் சொல்வது?

உருட்டுவதை நிறுத்தினான். சாப்பாட்டை வேலைக்குக் கொண்டுபோய்க் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னலாம் என்று அவித்த முட்டைகளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். தின்பதற்குத்தான் மனம் வரவில்லை. கோட்டு வண்டிக்குள் ஹீட்டருக்குப் பக்கத்தில் தொங்கியது. மூன்றாம் நாள் அவனோடு வேலை பார்க்கும் வெய்க்கோ கதவைத் திறந்தவன், அப்படியே பின்வாங்கினான்.

"டேய், உள்ள என்னடா செத்துக் கிடக்கு?"

"முட்டை."

"கோழியோடவா?"

வெய்க்கோவும் அவன் மனைவியும் போன வருடம் பந்தயத்தில் ஜெயித்தவர்கள். அந்த பீரை இன்னும் குடித்து முடிக்கவில்லை என்று வாரம் ஒருமுறை சொல்வான். அன்றைக்கும் சொன்னான்.

தின்பது கடினம் என்றால் குடித்துவிடலாமே! காபியில் பாதிக்குப் பாதி கிரீம் ஊற்றிக் குடித்தான். கணக்கு மதியத்துக்குள் நிறைந்தது. சாயங்காலம் வயிறு அந்தக் கணக்கைத் திருப்பித் தந்தது. இரண்டு நாள் கழிப்பறையைவிட்டு வெளியே வரவில்லை. வந்தபோது இரண்டு கிலோ குறைந்திருந்தான்.

கத்ரியைக் கேட்டதற்கு, "பசி வரணும்னா உடம்பு அசையணும்," என்றாள். ஓடினான். ஓடியதில் பசி வரவில்லை, எடை குறைந்தது. எடை குறைந்ததால் கத்ரி இன்னும் ஒரு முட்டை கூட்டினாள். அந்த முட்டையைத் தின்ன, இன்னும் கொஞ்சம் ஓடினான். இப்படியே ஏரியின் பனி உருகி, பிர்ச் மரங்கள் துளிர்த்துவிட்டன. உருளைக்கிழங்கும் மறுபடி மேசையில் உருளத் தொடங்கியது.

சனிக்கிழமைதோறும் சௌனா என்கிற நீராவிக் குளியலறையில் வேர்த்துக் குளித்துவிட்டு வந்து தராசில் ஏறுவான். கதவுக்கு அந்தப்பக்கமிருந்து குரல் வரும்.

"எவ்ளோ?"

"எண்பத்தெட்டு."

"ம்."

மனக்கணக்கு போடுவதுபோல ஒரு இடைவெளி. பிறகு, "இன்னும் கொஞ்சம்."

சௌனாவுக்கு விறகு சுமப்பது எப்போதும் ஆர்வோவின் வேலை. இந்த வசந்தத்தில் பாதி வழியில் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றான். ஹில்க்கா வந்தாள். தன் கூடையை ஒரு தோளிலும் அவன் கூடையை இன்னொரு தோளிலும் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினாள். நின்று மூச்சு வாங்கவில்லை. பின்னாலேயே வெறுங்கையோடு போன ஆர்வோ, அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே போனான். வெட்கமாக இருந்தது. கூடவே, நல்ல பாட்டு ஒன்று கேட்டமாதிரியும் இருந்தது.

"ஒரு தடவ தூக்கிப் பார்த்துக்கலாமா?" என்று ஜூன் மாதம் கேட்டான். "பயிற்சிக்கு."

"வேணாம்," என்றாள். "பயிற்சி பண்ணித்தானே போன வருஷம் விழுந்தோம்."

பந்தய நாளன்று வானம் நீலமாக இருந்தது. ஐம்பது வயது தாண்டியவர்களின் ஓட்டத்தில் இரண்டே ஜோடிகள். ஒன்று ஆர்வோ, ஹில்க்கா. மற்றது வெய்க்கோவும் அவன் மனைவியும். விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் சில்வி ஒரு மேசை போட்டு பெல்ட்டும் ஹெல்மெட்டும் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆர்வோ பெல்ட்டைக் கட்டினான். பெல்ட் அவனை இரண்டு சுற்று சுற்றியது.

"டேய் ஆர்வோ, பெல்ட்டு மட்டும்தான் ஓடப்போவுதா? நீ வரலியா?" என்றான் வெய்க்கோ.

ஆர்வோ குனிந்தான். ஹில்க்கா ஏறினாள். அவன் நிமிர்ந்தான்; நிமிரப் பார்த்தான் என்பதுதான் சரி. ஒரு அடி வைத்தான். இரண்டாவது அடியை மணல் வாங்கிக்கொண்டது. மெல்ல, மிக மெல்ல, அவளைக் கீழே இறக்கிவைத்தான். மைதானம் முழுக்க யாரும் சிரிக்கவில்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

"முடியல, ஹில்க்கா," என்றான். "சாப்பிட முடியல. எல்லாத்தையும் உன் தட்டுல தள்ளிட்டேன்."

"தெரியும்," என்றாள்.

தன் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவன் இடுப்பிலிருந்த பெல்ட்டை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டினாள். சில்வியின் மேசைக்குப் போய் வேறொரு ஹெல்மெட்டோடு திரும்பி, அதை அவன் தலையில் கவிழ்த்தாள்.

"ஏறு."

"என்னது?"

"ஏறுன்னேன்."

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். மனைவிதான் சுமக்கப்பட வேண்டும் என்று விதியில் எங்குமே இல்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. விசில் ஒலித்தது.

கால்களை அவள் தோளில் போட்டு, தலைகீழாக அவள் முதுகில் தொங்கினான் ஆர்வோ. பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். உலகம் கவிழ்ந்தது. மணல் மேலே, வானம் கீழே, நடுவில் ஹில்க்காவின் குதிகால்கள் மாறிமாறி வந்துபோயின. முதல் கட்டை வந்தது. ஒரு உறுமல் கேட்டது, கட்டை பின்னால் போயிற்று. தன் மீனும் உருளைக்கிழங்கும் எங்கே போயின என்று இப்போது அவனுக்குத் தெரிந்தது. அவை இதோ அவனைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு தண்ணீர். குளிர்ந்த பழுப்பு நீர் அவன் நெற்றியை நோக்கி எழும்பி வந்தது. கண்ணை மூடி மூச்சைப் பிடித்தான். ஒரு கணம் அவள் நின்றாள். குழியின் அடிச்சேற்றைப் பாதத்தால் தேடுவது அவனுக்குத் தெரிந்தது. பின் ஒரு உலுக்கலில் அவனை மேலே ஏற்றிக்கொண்டு, ஏரிக்கரையில் நடப்பவளைப்போல நடந்தாள். பக்கத்தில் சளப்பென்று ஒரு சத்தம். வெய்க்கோவின் மனைவி அவனைத் திட்டுவது நீருக்குள்ளிருந்து குமிழாகக் கேட்டது.

கோட்டைத் தாண்டி அவனை இறக்கிவைத்தபோது ஹில்க்காவின் முகம் சிவந்து பளபளத்தது. இத்தனை அழகான ஒன்றை இவ்வளவு நாளும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோமே என்று நினைத்தான்.

"தலை நனஞ்சுதா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல."

"ம்," என்றாள். நிறைந்த மௌனம் அது. உடனே தெரிந்துவிட்டது.

பரிசுக்குப் பெரிய பலகைத் தராசின் ஒரு பக்கம் ஆர்வோவை உட்காரவைத்து, மறுபக்கம் பீர்ப் பெட்டிகளை அடுக்கினார்கள். சீக்கிரமே பலகை சமமாகிவிட்டது. நனைந்து சொட்டச் சொட்ட நின்ற வெய்க்கோ தலையில் அடித்துக்கொண்டான்.

"பாவி! போன வருஷ உடம்போட இருந்திருந்தா இன்னும் ஒரு பெட்டி வந்திருக்குமேடா!"

"அந்த உடம்ப யாரு தூக்கறதாம்?" என்றாள் ஹில்க்கா. அன்றைய நாளுக்கு அவளுடைய மிக நீண்ட பேச்சு அதுதான். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வண்டியைப் பார்த்துப் போய்விட்டாள்.

ஆர்வோ சில்வியின் மேசைக்குப் போனான். ஹெல்மெட்டைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காதுவரை இறங்கியிருந்தது, ஓட்டம் முழுக்க ஒரு இடத்தில்கூட உறுத்தவில்லை.

"கச்சிதமா இருந்துச்சு, சில்வி. என் தலைக்குப் பொருந்தறது ஒண்ணு, அதுவும் அந்த அவசரத்துல உன் கையில கெடச்சுதே, அதிர்ஷ்டம்தான்."

சில்வி பெல்ட்டுகளைச் சுருட்டிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்:

"அதிர்ஷ்டமாவது! கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே உன் தலை அளவு நூலக் குடுத்து ஹில்க்கா சொல்லிவெச்சதுல்ல அது."