'இல்லை' என்று சொல்லக் கூடாத தெரு

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்குவதுதான் முறை. முதல் வார்த்தை பொய்யாகிவிடும் என்பதால் மற்றதை மட்டும் எழுதுகிறேன். நலமறிய ஆவல்.

கடைத்தெருவில் வீடு பாருங்கள், கைக்கெட்டிய தூரத்தில் எல்லாம் கிடைக்கும் என்று சொன்னது நீங்கள்தான். என் வீட்டில் இருப்பதும் ஊருக்கெல்லாம் கிடைக்கும் என்பதை நீங்கள் சொல்லவில்லை. கீழே மரச்சாமான் கடை, மேலே நாங்கள். மாடிப்படியில் பாதி அவர்களுடைய முக்காலிகள். காலையில் பால் வாங்க இறங்கினால் ஒரு பீரோவைக் கட்டிப்பிடித்துப் பக்கவாட்டில் நழுவித்தான் தெருவுக்கு வர முடிகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

இந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கடையில் எதைக் கேட்டாலும் 'இல்லை' என்று சொல்ல மாட்டார்கள். உட்காருங்க, குடோனிலிருந்து வருது என்பார்கள். குடோன் என்பது பக்கத்துக் கடை. அங்கேயும் இல்லையென்றால் அதற்கும் பக்கத்துக் கடை. பூட்டுக்கடையில் குடை கேட்டாலும் வந்துவிடும். நானோ, உங்களுக்கே தெரியும், ஆபீசில் இருந்த காலமெல்லாம் கம்பிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து 'இல்லை' என்று சொல்லியே சம்பளம் வாங்கியவன். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்பதே இல்லை. அந்த வருத்தம் வேறு.

பொழுது போகாமல் கடை வாசலில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னை முதலாளி என்று நினைத்து ஓர் அம்மாள் வட்ட மேசை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை நாளாயிற்று, வாய் இனித்தது. அம்மாள் நடையைக் கட்டினார். கடைக்காரர் அழாத குறையாக ஓடி வந்தார்.

"சார், கெட்ட வார்த்தைகூடப் பேசிக்கோங்க. அதை மட்டும் நம்ம தெருவுல சொல்லாதீங்க."

அம்மாளைத் தெருமுனையில் மடக்கி அழைத்துவர அவர் ஓட, நான் கோபித்துக்கொண்டு முடிவெட்டப் போய்விட்டேன். திரும்பி வந்தால், நாங்கள் சாப்பிடும் வட்ட மேசை இரண்டு ஆட்கள் தலையில் படியிறங்கிக்கொண்டிருக்கிறது. பின்னாலேயே உங்கள் தங்கை, கால் இடிக்காமல் பார்த்துப் போங்கள் என்று சொல்லிக்கொண்டு வருகிறாள். என்ன அநியாயம் என்று கேட்டேன்.

"அவங்க அவ்வளவு ஆசையாக் கேக்குறாங்க. வச்சுக்கிட்டே எப்படிங்க இல்லேங்கிறது?" என்கிறாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பெயர் மாடி குடோன். நிலைக்கண்ணாடி போயிற்று, புத்தக அலமாரி போயிற்று. நேற்று சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தேன். விழித்தால் ஒருவர் டேப்பை வைத்து என்னையும் சேர்த்து அளந்துகொண்டிருக்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உங்கள் வீட்டுப் பின்னறை காலியாகத்தானே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வண்டி அனுப்பினால், மிச்சமிருக்கும் சாமானோடும் மானத்தோடும் வந்து சேர்ந்துவிடுகிறோம். இனி ஒரு நாள்கூட இங்கே என்னால் முடியாது. மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் நல்ல படிப்போடும், தங்களுக்கென்று ஒரு நாற்காலியோடும் வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டுக் கீழே இறங்கினேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். கடைக்காரர் வெளியே போயிருந்தார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி கட்டில் பார்க்க வந்தது. கட்டில் பிடித்துவிட்டது, போட இடம்தான் இல்லையாம். ஊரெல்லாம் வீடு தேடியும் எல்லோரும் கையை விரித்துவிட்டார்களாம். அந்தப் பெண் என்னைப் பார்த்து, உங்களுக்குத் தெரிந்து ஏதாவது அறை இருக்குமா ஐயா என்று கேட்டாள். உட்காரும்மா, இருக்கு என்று சொல்லிவிட்டேன். உங்கள் பின்னறையைத்தான் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கட்டிலோடு வருகிறார்கள். ரெண்டு பேரும் எனக்கு நன்றி சொன்னார்கள் மச்சான், இத்தனை வருட வேலையில் ஒருவர்கூட என்னிடம் சொல்லாத வார்த்தை அது. நாங்கள் இங்கேயே இருந்துகொள்கிறோம். அவர்கள் வந்து கதவைத் தட்டும்போது தயவுசெய்து இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். தெருவில் என் பெயர் கெட்டுவிடும்.