ரெண்டு டானிக்கும் ஒரு அரோகராவும்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அந்தப் பேய் தெரிந்தது என் மகளின் டயப்பரில்.

அப்போது யாழினிக்கு இரண்டு வயதுகூட முடியவில்லை. முந்தின பனிக்காலத்தில் அவளுக்குச் சளி நெஞ்சில் இறங்கி, மூக்கில் மாஸ்க் மாட்டிப் புகை மருந்து வைக்கும்படி ஆகிவிட்டது. அவள் மூச்சு இழுத்த சத்தம் என் காதை விட்டுப் போகவே இல்லை. அதற்கப்புறம் நான் அந்த வீட்டில் அப்பாவாக இல்லை, வாட்ச்மேனாக இருந்தேன். கார்த்திகை பிறந்தாலே ஜன்னலைச் சாத்துவேன், பிள்ளை தலையில் குல்லா மாட்டுவேன். யாராவது தும்மினால் முறைப்பேன். (என் மாமனார் தும்மியபோதும் முறைத்தேன். மனுஷர் இன்னும் அதை மறக்கவில்லை.)

ரத்தம் கொஞ்சம் கம்மியாக இருக்கிறது என்று டாக்டரம்மா ஓர் இரும்புச் சத்து டானிக் எழுதித் தந்திருந்தார். என் மனைவி செல்வி அதைக் காலையில் அளந்து கொடுப்பாள். ஒரே ஒரு டானிக் எப்படிப் போதும்? தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்கிறார்களே, என் மகளின் நெஞ்சு எம்மாத்திரம்? நானாகவே மெடிக்கலில் இன்னொன்று வாங்கினேன். அட்டைப் பெட்டியில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்தேனே தவிர, பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படிக்கவில்லை. செல்விக்குத் தெரியாமல் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்து, சாயங்காலமானால் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

தை மாதப் பௌர்ணமியன்று போளூரில் செல்வியின் தங்கைக்கு வளைகாப்பு. பிள்ளையையும் கூட்டிப் போகிறேன் என்றாள். பஸ் காற்று ஆகவே ஆகாது என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன்.

"சரி, நீங்களே பாத்துக்கோங்க. எதுனா ஆச்சுன்னா உங்களத்தான் கேப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

எப்போதும் செல்விதான் செய்வாள்; அன்று சாயங்காலம் நான் டயப்பரை மாற்றினேன். உள்ளே கரிக்கட்டை மாதிரி கறுப்பு. இது என்ன, எங்கிருந்து வந்தது என்று சுற்றுமுற்றும் பார்த்தால், சாமி அலமாரிக்குக் கீழே, யாழினியின் பொம்மைகளுக்கு நடுவில், தீப மைப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. மலை மேல் தீபம் எரிந்த கொப்பரையில் படிகிற மை அது. ஆருத்ரா தரிசனம் முடிந்ததும் பிரசாதமாக வாங்கி, நெற்றியில் இட்டுக்கொள்ள வைத்திருந்தோம். இப்போது பொட்டலத்தில் ஒரு துளி மை இல்லை.

"பாப்பா, இத தின்னியா?" என்றேன்.

"ம்" என்றாள். (அந்த வயதில் எதைக் கேட்டாலும் 'ம்'தான். நீ யானையைத் தின்றாயா என்று கேட்டிருந்தாலும் 'ம்' என்றிருப்பாள். அதை யோசிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.)

பிள்ளையைத் துண்டில் சுருட்டினேன். சாட்சிக்கு டயப்பரைக் கவரில் போட்டு அவள் பைக்குள் திணித்தேன். ஓடினேன். என் காலில் செருப்பில்லை, மேலே சட்டையில்லை. நான் ஒரு நாளும் கழற்ற விடாத அந்தக் குல்லாவும் அவள் தலையில் இல்லை.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில். டாக்டரம்மாவின் கிளினிக் செங்கம் ரோட்டில். பௌர்ணமியில் எங்கள் கிரிவலப் பாதையில் ஆட்டோவும் வராது, பைக்கும் நகராது. அதுவும் எனக்கு வாய்த்த திசையைப் பாருங்கள். ஊர் உலகமே மலையை வலமாகச் சுற்றி வர, நான் ஒருவன் மட்டும் இடமாக ஓடினேன்.

"எதிர்ல வராதீங்க, பாவம்" என்று திட்டினார்கள் சிலர். வெற்றுடம்போடு, கையில் குழந்தையோடு ஓடுகிறவனைப் பார்த்து, ஏதோ கடுமையான வேண்டுதல் போல என்று நினைத்துக்கொண்டார்கள் பலர். ஒரு கூட்டம் கும்பிட்டு வழிவிட்டது. "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, அத்தனை பேரும் கத்தினார்கள்.

சாமிக்குச் சொல்வது சரி. ஆனால் ஒரு காரியம் கைவிட்டுப் போனாலும் நாங்கள் 'அரோகரா' என்றுதானே சொல்வோம்! ஒவ்வொரு கூட்டம் கத்தும்போதும் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். 'அண்ணாமலையாரே, உன் மையைத்தானே தின்றாள், மன்னிச்சுடு' என்று அழுதுகொண்டே ஓடினேன். என் தோளில் இருந்தவளோ கையைத் தலைக்கு மேல் தூக்கி, "அயோகயா" என்று சிரித்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கவரையும் பார்த்தார். நான் "மை, மை" என்று மட்டும் சொன்னேன். ஏதாவது டானிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். செல்வி காலையில் கொடுத்துவிட்டுப் பையில் வைத்த பாட்டிலோடு, அவள் ஊரில் இல்லாத தைரியத்தில் நானும் என் பாட்டிலை அதிலேயே போட்டிருந்தேன். எடுத்து நீட்டினேன். திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இதுலயும் இரும்பு, அதுலயும் இரும்பு. கறுப்பாத்தான் போகும். ஏங்க, புள்ளைக்கு ரத்தம் ஊறணும்னு குடுத்தீங்களா, தண்டவாளம் போடணும்னு குடுத்தீங்களா?"

நல்ல வேளையாக, உள்ளே போன அளவு ஆபத்தில்லை என்றார். ஜாஸ்தியானால் இரும்பும் விஷம்தான் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை தூரம் யாரிடமிருந்து அவளைக் காப்பாற்றத் தூக்கிக்கொண்டு ஓடினேன்? என்னிடமிருந்துதான். சளி வராமலிருக்க டானிக் வேலி போடாது, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கீரையும் முட்டையும் கொடுங்கள் என்று சொல்லி, இனி பிள்ளைக்குக் கூடாது என்று நான் வாங்கியதைத் திருப்பித் தந்தார்.

அப்புறம்தான் செல்விக்குப் போன் போட்டேன்.

"மையா? அத நான் சிமிழ்ல கொட்டி எடுத்தாந்துட்டேனே, தங்கச்சி நெத்தியில வெக்கறதுக்கு" என்றாள். அதற்குள் டாக்டரம்மாவின் குரல் அவள் காதில் விழுந்துவிட்டது. "ஆமா, ரெண்டு டானிக்னு டாக்டரம்மா பின்னாடி சொல்றாங்களே, ரெண்டாவது ஏது?"

அரோகரா.

பனியில் தூக்கிக்கொண்டு ஓடியதில் யாழினி ஒரு தும்மல்கூடப் போடவில்லை. சட்டையில்லாமல் ஓடிய எனக்குத்தான் சளி பிடித்து, ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். வாங்கியதை வீணாக்கக் கூடாது என்று செல்வி அந்த டானிக்கைக் காலையும் மாலையும் என் வாயில் ஊற்றினாள். பக்கத்தில் நின்று யாழினி கைதட்டினாள்.

இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. இன்றைக்கும் நான் மெடிக்கல் பக்கம் தலையைத் திருப்பினால் போதும், நடுத்தெருவில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிவிடுகிறாள்.